மோதிர விரலில் பாதி

என் இடது கையின் சின்ன விரலைக் கத்தி வெட்டியது எனக்குத் தெரியாது. எதிரே நின்று வேலை செய்த வியட்நாம்காரப் பெண் வீரிட்டுக் கத்திய பிறகுதான் குனிந்து பார்த்தேன். நீலக் கையுறை கிழிந்திருந்தது. நான் பிடித்திருந்த பூக்கோவாவின், அந்தக் காலிபிளவரின், வெள்ளைப் பூவில் இரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. யாருடைய இரத்தம் என்று ஒரு கணம் யோசித்தேன். அவ்வளவு தூரம் அந்த விரல் எனக்கு அந்நியமாகிப் போயிருந்தது.

ஆஸ்திரேலியாவில் மெல்பேர்னுக்கு அருகே, வெரிபீக்குத் தெற்கே, கடலை ஒட்டிய மரக்கறித் தோட்டங்களுக்கு நடுவே இருந்த கொட்டகை அது. தோட்டத்திலிருந்து வரும் பூக்கோவாக்களின் இலையை வெட்டி, தண்டைச் சீவி, பெட்டியில் அடுக்குவது எங்கள் வேலை. வலது கையில் கத்தி. இடது கை பூவை மேசையோடு அழுத்திப் பிடிக்கும். நாள் முழுக்க நின்றபடி அப்படிப் பிடிக்கத் தோள் தாங்காது. ஆகவே எல்லோருமே இடது முழங்கையை மேசையின் இரும்பு விளிம்பில் ஊன்றிக்கொள்வோம். குளிர்காலத்தில் அந்த விளிம்பு பனிக்கட்டி போல இருக்கும். மூன்று வருடமாக என் முழங்கை அதில்தான் கிடந்தது.

மேற்பார்வையாளர் ஓடி வந்து முதலில் பூக்கோவாவைப் பார்த்தார். பெட்டியோடு தூக்கிக் கழிவுத் தொட்டியில் போடச் சொன்னார். பிறகு என் விரலைப் பார்த்தார்.

"வெட்டினது தெரியவில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"தெரியவில்லை."

"அதெப்படித் தெரியாமல் போகும்?"

பொய் சொல்பவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். எனக்கோ அந்தக் கேள்விக்கு விடை தெரிந்திருந்தது. அதை ஆங்கிலத்தில் சொல்லத்தான் வாய் வரவில்லை.

நான் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் ஒரு பாடசாலையில் ஒன்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள். ஒவ்வொரு வருடமும் பத்தாம் வகுப்புக்கு நரம்புத் தொகுதி பற்றிக் கரும்பலகையில் படம் போட்டிருக்கிறேன். மண்டையோட்டுக்குள் மூளை. அதிலிருந்து முதுகெலும்புக்குள்ளே கீழிறங்கும் முண்ணாண். இந்த இரண்டும் நடுவம். அங்கிருந்து உடம்பெங்கும் பிரிந்து போகும் நரம்புகள். தோலில் நடப்பதை உள்ளே சொல்லும் நரம்பிழைகள் ஒரு வகை. உள்ளிருந்து வரும் கட்டளையைத் தசைக்குக் கொண்டுபோகும் இழைகள் இன்னொரு வகை. சூடான சட்டியில் கை பட்டால் மூளைக்குச் செய்தி போய்ச் சேருமுன்பே முண்ணாண் கையை இழுத்துவிடும். அதைத் தெறிவினை என்று சிவப்புச் சோக்கால் எழுதுவேன்.

அந்தக் கொட்டகையில் என் கை பின்வாங்கவில்லை. வலி என்ற செய்தி முண்ணாணுக்குப் போகவேயில்லை. போகாத செய்திக்கு யார் கட்டளை போடுவது? வழியில் எங்கோ ஒரு நரம்பு நசிந்து கிடக்கிறது என்று அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. அதற்கு முன்பும் இரண்டு மூன்று மாதமாகக் காலையில் எழும்பும்போது சின்ன விரல் மரத்திருக்கும். உதறினால் சரியாகும். பிறகு உதறினாலும் சரியாகவில்லை. நானும் கணக்கெடுக்காமல் விட்டிருந்தேன். வேலையை விட்டால் வேறு வேலை கிடைக்குமா என்ற பயம் எல்லா அறிவையும் மூடிவிடும்.

நானும் கணவரும் அடைக்கலம் கேட்டுப் படகில் வந்தவர்கள். முடிவு வரும் வரைக்கும் சில மாதங்களுக்கு ஒருமுறை நீட்டித் தரப்படும் பிரிட்ஜிங் விசாவில் இருந்தோம். என் ஆசிரியர் சான்றிதழ் அலுமாரியின் மேல் தட்டில் இருந்தது. கணவர் ஒரு பண்டகசாலையில் போர்க்லிப்ட் ஓட்டினார். யாரிடமும் எதுவும் கேட்காமல், யார் கண்ணிலும் படாமல் இருந்தால் ஒருநாள் நல்ல முடிவு வரும் என்பது அவருடைய நம்பிக்கை.

மறுநாள் கொம்பனி அனுப்பிய கிளினிக்குக்குப் போனேன். மருத்துவர் நடுத்தர வயதுக்காரர், கண்ணியமானவர்தான். முதல் நாள் ஆஸ்பத்திரியில் போட்ட தையலை மட்டும் எட்டிப் பார்த்தார். பிறகு தொலைபேசியில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை அழைத்து, ஒலிபெருக்கியைப் போட்டு மேசையில் வைத்தார். இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் குரல் கேட்டது.

"சொல்லுங்கம்மா, என்ன பிரச்சினை?"

"விரலை வெட்டினது பிரச்சினை இல்லை. வெட்டினது தெரியேல்லை எண்டதுதான் பிரச்சினை. எனக்கு நரம்பில பிரச்சினை இருக்கு எண்டு சொல்லுங்கோ."

அந்தக் குரல் ஆங்கிலத்தில் சொன்னது: "ஷி ஹாஸ் எ நெர்வஸ் ப்ராப்ளம்."

நான் தலையாட்டினேன். அதுதான் நான் செய்த பிழை. பாடப்புத்தகத்தின் கடைசியில் இருந்த கலைச்சொல் பட்டியலில் நரம்புத் தொகுதிக்கு ஆங்கிலம் நெர்வஸ் சிஸ்டம். ஆகவே நெர்வஸ் என்றதும் சரியாகத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். "யெஸ், யெஸ், நெர்வஸ்" என்றும் சொல்லிவைத்தேன்.

மருத்துவரின் குரல் உடனே மென்மையாயிற்று. தான் இருந்த கதிரையை என் பக்கம் திருப்பினார். நித்திரை வருகிறதா என்று கேட்டார். வராது என்றேன். எதைப் பற்றியாவது கவலைப்படுவதுண்டா என்றார். விசாவைப் பற்றி என்றேன். அழுவதுண்டா? உண்டு. என்ன விசா, எப்படி வந்தீர்கள்? சொன்னேன். கேள்விகள் விரலை விட்டு எங்கேயோ போகின்றன என்று தெரிந்தது. ஆனால் இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு படிவமும் ஒரு கேள்விக்கொத்தும் உண்டே, இதுவும் அப்படித்தான் என்று பதில் சொல்லிக்கொண்டே போனேன். கையை முழங்கை வரை மடித்துவிட்டுக் காட்டக் காத்திருந்தேன். அவர் என் கையைத் தொடவே இல்லை.

வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் உட்கார்ந்து அவர் தந்த மருத்துவச் சான்றிதழை வாசித்தேன். எனக்குப் பேசத்தான் தடுமாற்றம். வாசிக்க நன்றாகவே வரும். மனப்பதற்றம், சூழ்நிலை காரணமான மன அழுத்தம், அதனால் கவனக்குறைவு ஏற்பட்டு விரலில் வெட்டு. பதற்றம் குறைய ஒரு மாத்திரை. அதில் நரம்பு என்ற சொல்லே இல்லை. பேச்சு ஆங்கிலத்தில் நெர்வஸ் என்றால் பதற்றம் என்பது அப்போதுதான் உறைத்தது. நான் இரண்டு முறை வாசித்தேன். அடுத்த பஸ்ஸும் போய்விட்டது. தமிழில் ஒரு சொல்லுக்குள் கிடந்த என் கை, ஆங்கிலத்துக்குப் போகும் வழியில் என் தலைக்குள் போய்விட்டது.

தமிழிலும் அந்தச் சொல் அப்படியொன்றும் நேர்மையானதில்லை. ஊசி போடுபவர் தேடும் இரத்தக் குழாயையும் நரம்பு என்போம். பயந்தவனுக்கு நரம்புத் தளர்ச்சி என்போம். வகுப்பில் முதல் நாளே நான் பிள்ளைகளிடம் சொல்லுவது அதைத்தான்: கையில் பச்சையாகத் தெரிகிறதே, அது நரம்பில்லை, நாளம். நரம்பு வெளியே தெரியாது. ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொன்னதை ஒரு மருத்துவருக்குச் சொல்லத் தெரியாமல் வந்திருக்கிறேன் என்று நினைக்க உடம்பெல்லாம் எரிந்தது.

அன்று மாலை குசினியில் அடுப்பை அணைத்துவிட்டுக் கணவரிடம் சான்றிதழைக் காட்டினேன். அவர் நிதானமாக வாசித்தார்.

"சரி, இருக்கட்டும்," என்றார். "ரெண்டு கிழமை லீவு தந்திருக்கினம். எடுத்திட்டுப் போய் வேலையைச் செய்யும்."

"எனக்கு விசர், தலை பிழை எண்டு எழுதியிருக்கினம்."

"விசர் எண்டு எழுதேல்லை. பதற்றம் எண்டுதானே. ஆருக்குத்தான் இல்லை? நெர்வஸ் எண்டே இருக்கட்டுமன், உமக்கு என்ன குறைஞ்சு போகும்?"

"என்ர கை குறைஞ்சு போகும்."

அவர் சான்றிதழை மடித்து என்னிடம் தந்தார். பிறகு, "காயத்துக்கு நட்டஈடு, கிளெயிம் எண்டு வெளிக்கிட்டு, அது இமிக்ரேஷன் காதுக்குப் போனால்?" என்றார். அவருடைய குரல் தாழ்ந்துவிட்டிருந்தது. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை உச்சரிக்கும்போது இரண்டு பேருக்குமே குரல் தாழும்.

அந்தப் பதினாலு நாள் லீவு முடிந்து கொட்டகைக்குப் போனேன். மேற்பார்வையாளர் என்னைக் கத்தி மேசைக்கு அனுப்பினார். இரும்பு விளிம்பில் முழங்கையை வைத்ததும் விரல் நுனி வரை மின்சாரம் பாய்ந்தது. நான் கையை எடுத்துவிட்டு, இந்த வேலையால்தான் கை போகிறது, வேறு வேலை தாருங்கள் என்று கேட்டேன். அவர் சான்றிதழின் நகலை வைத்திருந்தார்.

"உன் மருத்துவரே இது கையில் இல்லை, தலையில் என்று எழுதியிருக்கிறார். தலை சரியானதும் வா," என்றார்.

மேசையைச் சுற்றி நின்றவர்கள் தலை குனிந்துகொண்டார்கள். நான் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வந்தேன். வெளியே தோட்டத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தது. பஸ் வரும் வரைக்கும் நிற்க முடியாமல் நடந்தேன். நடக்க நடக்க எனக்குள் ஒன்று நிமிர்ந்தது. ஊரில் என் வீட்டை எடுத்தார்கள். வேலையை எடுத்தார்கள். எங்கே வாழ்வது என்பதை யாரோ முன்பின் தெரியாத ஒருவர் மேசையில் இருந்து முடிவெடுக்கிறார். இது என் கை. இதைப் பற்றி இந்த ஊரில் எவரையும் விட எனக்குத்தான் அதிகம் தெரியும்.

நூலகத்தில் உடற்கூற்றுப் படப் புத்தகம் ஒன்று இருந்தது. மேசையில் விரித்து வைத்து வாசித்தேன். பாடசாலைப் புத்தகத்தில் கைக்குப் போவது ஒரு கோடு. இதில் மூன்று பெரிய நரம்புகள் தனித்தனி நிறத்தில் இறங்கின. அவற்றில் ஒன்று கழுத்தின் அடியில் முண்ணாணிலிருந்து கிளம்பி, அக்குள் வழியே வந்து, முழங்கையின் உட்பக்கத்தில் எலும்புக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் நுழைகிறது. அந்த இடத்தில் அதை மூடத் தசை இல்லை. தோலும் எலும்பும்தான். கதவு நிலையில் முழங்கை இடித்தால் நமக்குச் சுள்ளென்று அடிப்பது இந்த நரம்பில்தான். அங்கிருந்து அது சின்ன விரலுக்குப் போகிறது. மோதிர விரலுக்கும் போகிறது, ஆனால் முழுவதற்கும் இல்லை. சின்ன விரல் பக்கத்துப் பாதிக்கு மட்டும். மற்றப் பாதிக்கு வேறொரு நரம்பு.

நான் புத்தகத்தை மூடாமலே வலது கை நகத்தால் இடது மோதிர விரலின் இரண்டு பக்கத்தையும் சுரண்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் உயிரோடு இருந்தது. மறுபக்கம் மரக்கட்டை. விரலின் நடுவே கோடு போட்டது போலப் பிரிந்திருந்தது.

வெளிநாட்டில் இருந்து வந்தவள், நிரந்தர விசா இல்லாதவள், நித்திரை இல்லாதவள், அழுகிறவள், எல்லாம் சரி. எந்தப் பயமும் ஒரு விரலை நடுவால் கோடு கிழித்துப் பாதியை மட்டும் மரக்கச் செய்யாது.

அந்த ஞாயிறு காலை கணவரைக் குசினி மேசையில் எதிரே இருத்தினேன். கையை விரித்து வைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"தீக்குச்சியால தொடுங்கோ. எங்க எண்டு சொல்லாதேங்கோ. நான் சொல்லுறன்."

"இதென்ன விளையாட்டு?"

"தொடுங்கோ."

பெருவிரலைத் தொட்டார். சொன்னேன். சுட்டு விரல். சொன்னேன். நடுவிரல், நகத்துக்குக் கீழே. சொன்னேன். பிறகு நீண்ட நேரம் எதுவும் நடக்கவில்லை.

"ஏன் நிப்பாட்டிட்டீங்கள்?"

"நான் நிப்பாட்டேல்லை," என்றார்.

கண்ணைத் திறந்தேன். அவர் என் சின்ன விரலில் தீக்குச்சியின் கூரான பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். தோல் குழிந்திருந்தது. அவருடைய முகம் வெளிறிவிட்டது. தானாகவே குச்சியை மோதிர விரலுக்குக் கொண்டுபோனார். "இப்ப கண்ணை மூடும்," என்றார். சின்ன விரல் பக்கம் வைத்தபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுபக்கம் வைத்ததும் "ஓம்" என்றேன். திரும்பத் திரும்பச் செய்தார். என்னைப் பிழைவிடச் செய்யப் பார்த்தார் என்று நினைக்கிறேன். ஒருமுறைகூடக் கோடு அசையவில்லை. கடைசியில் அவரே நீலப் பேனை ஒன்றை எடுத்து வந்து, தெரியும் இடத்துக்கும் தெரியாத இடத்துக்கும் நடுவே என் விரலில் கோடு கீறினார். உள்ளங்கை வழியாக மணிக்கட்டு வரை அந்தக் கோடு வந்தது.

"கிளெயிம் போடும்," என்றார். "வாறது வரட்டும்."

விசா எதுவாக இருந்தாலும் வேலையில் வந்த காயத்துக்குக் கிளெயிம் போடலாம் என்று நூலகத்தில் ஒரு துண்டுப் பிரசுரம் தமிழிலேயே இருந்தது. படிவத்தை நிரப்பி மேற்பார்வையாளரிடம் கொண்டுபோனேன். அவர் வாங்க மாட்டேன் என்றார். தபாலகத்துக்குப் போய்ப் பதிவுத் தபாலில் அதே கொட்டகைக்கு அனுப்பினேன். சில கிழமையில், கொட்டகைக்கு இன்சூரன்ஸ் செய்த காப்புறுதிக் கொம்பனியிடமிருந்து கடிதம் வந்தது: வேலையால் உடற்காயம் ஏற்பட்டதற்கு மருத்துவச் சான்று இல்லை, மறுக்கப்படுகிறது. ஆதாரம்? அந்த முதல் சான்றிதழ்.

வேறொரு மருத்துவரைத் தேடிப் போனேன். வயதான பெண். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லி, பேனைக் கோடு போட்ட கையை மேசையில் நீட்டினேன். கணவர் தினமும் காலையில் அந்தக் கோட்டைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கி, விரலைப் பிடித்துப் பார்த்தார்.

"யார் இதைக் கீறியது?"

"என் கணவர். எனக்குத் தெரியும் இடம், தெரியாத இடம்."

அவர் என் முழங்கையின் பள்ளத்தில் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். நான் துள்ளிவிட்டேன். அவர் வேறொன்றும் கேட்காமல் நரம்புப் பரிசோதனைக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார்.

பரிசோதனை செய்தது தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தி. நகரத்தின் மறுபக்கம், மல்கிரேவில் வீடு என்றாள். என் பெயரைப் பார்த்ததுமே தமிழில் பேசத் தொடங்கிவிட்டாள்.

"அக்கா, கொஞ்சம் ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கும். பயப்படாதீங்க. தண்டுவடத்துல இருந்து வர்ற நரம்பு எவ்வளவு வேகமா வேலை செய்யுதுன்னு பாக்கப் போறேன்."

"நாங்கள் முண்ணாண் எண்டு சொல்லுறது."

"முண்ணாணா? அழகா இருக்கே. நீங்க எப்படி..."

"நான் சயன்ஸ் டீச்சரா இருந்தனான், தங்கச்சி."

சின்ன விரலின் அடித்தசையில் தகடு ஒட்டினாள். மணிக்கட்டில் சிறு மின்னடி கொடுத்ததும் விரல் தானாகத் துள்ளியது. நான் அதைத் துள்ளச் சொல்லவில்லை. திரையில் ஒரு அலை எழுந்து விழுந்தது. பிறகு முழங்கைக்குச் சற்றுக் கீழே கொடுத்தாள். அதே அலை. பிறகு முழங்கைக்கு மேலே. அலை பிந்தி வந்தது. வந்ததும் பாதி உயரமே இருந்தது. அவள் திரும்பவும் செய்தாள். திரும்பவும் அதேதான்.

"நான் ரிசல்ட் சொல்லக் கூடாதுக்கா. டாக்டர்தான் சொல்வாங்க."

"நீங்கள் சொல்ல வேண்டாம். திரையை மட்டும் இஞ்ச திருப்புங்கோ."

திருப்பினாள். ஒன்பது வருடம் கரும்பலகையில் கையால் வரைந்த ஒன்று, என் உடம்புக்குள்ளிருந்து தானே வந்து திரையில் நின்றது. முழங்கையைத் தாண்டும் இடத்தில் அது நொண்டியது. எனக்கு அழுகை வந்தது. அவள் டிஷ்யூ எடுத்துத் தந்தாள். "வலிக்குதாக்கா?" என்றாள். "இல்லை. என்னை நம்புற ஒரு சாமான் கண்டுபிடிச்சிட்டன்," என்றேன்.

அறிக்கை கைக்கு வந்ததும் முதல் கிளினிக்குக்குப் போனேன். முன்பதிவு செய்யவில்லை. வரவேற்பு மேசையில் நின்ற பெண்ணிடம், என் பதிவில் பிழையாக எழுதியிருக்கிறது, திருத்த வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த வசனத்தைப் பஸ்ஸில் வரும்போது பல முறை சொல்லிப் பார்த்திருந்தேன். மருத்துவர் மும்முரமாக இருக்கிறார் என்றாள். காத்திருக்கிறேன் என்றேன். நாலு மணி நேரம் இருந்தேன். காய்ச்சல்காரர்களும் குழந்தைகளும் வந்து போனார்கள்.

மருத்துவர் வெளியே வந்தார். அறிக்கையை நின்றபடியே வாசித்தார்.

"உங்கள் மொழிபெயர்ப்பாளர் சொன்னதைத்தான் எழுதினேன்," என்றார்.

"அது தொலைபேசி. அதால் பார்க்க முடியாது. நீங்கள் பார்க்கலாம். நீங்கள் தையலைப் பார்த்தீர்கள். என் கையைப் பார்க்கவில்லை."

இலக்கணம் சரியோ தெரியாது. ஆனால் அந்த அறையில் எல்லோருக்கும் கேட்டது. அவருடைய கழுத்து சிவந்தது. சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. "இல்லை, பார்க்கவில்லை," என்றார். அறைக்குள் கூட்டிப்போய், கணினியில் என் கண் முன்னால் ஒரு குறிப்பை எழுதி அச்செடுத்துத் தந்தார். முதல் குறிப்பு நரம்புக் காயம் என்பதைத் தவறாக விளங்கிக்கொண்டதால் எழுதப்பட்டது என்று அதில் இருந்தது. மன்னிப்பும் கேட்டார். நான் அதை ஏற்றுக்கொண்டதாகவோ இல்லையென்றோ சொல்லவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அறிக்கையையும் அந்தத் தாளையும் அனுப்பியதும் காப்புறுதிக் கொம்பனி தன் சார்பில் ஒரு மருத்துவ நிபுணரிடம் என்னை அனுப்பியது. மெல்பேர்ன் நகரத்தில், உயரமான கட்டடத்தில். கணவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ரயிலில் கூட வந்தார். இந்த முறை மொழிபெயர்ப்பாளர் நேரில் வந்திருந்தார். சேர்ட் கழுத்துப் பொத்தானைப் பூட்டிய வயதான மனிதர், எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர். உள்ளே கூப்பிடுமுன் அவரிடம் சொன்னேன்:

"அண்ணை, ஒண்டு. நான் நரம்பு எண்டு சொன்னால் நேர்வ் எண்டு சொல்லுங்கோ. நெர்வஸ் எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

அவர் முதலில் கொஞ்சம் முறைத்தார். பிறகு விளங்கிவிட்டது. "ஓம் தங்கச்சி. நான் கவனமாச் சொல்லுறன்," என்றார்.

நிபுணர் அரை மணி நேரம் கேள்வி கேட்டார். எல்லாம் பழைய கேள்விகள். நித்திரை, கவலை, விசா.

"உங்களுக்கு மனக்கவலை இருப்பதை ஒத்துக்கொள்கிறீர்களா?"

"ஓம், இருக்கு," என்றேன். "அது என்ர கவலை. அதுக்கு நான் கிளெயிம் போடேல்லை. கவலை வந்தால் தலையிடிக்கும், நித்திரை வராது. மோதிர விரலைப் பாதியாப் பிரிக்காது. இந்த நரம்பு முழங்கையில நசிஞ்சால்தான் பிரிக்கும். ரெண்டு பாதியையும் அவர் தொட்டுப் பாக்கட்டும்."

மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல் விடாமல் சொன்னார். நேர்வ் என்ற சொல்லை மட்டும் அழுத்திச் சொன்னார் என்று எனக்குப்பட்டது. நிபுணர் பேனையை வைத்தார். என் பெருவிரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவே ஒரு தாளை வைத்து இறுகப் பிடிக்கச் சொல்லி இழுத்தார். வலது கையில் தாள் கிழியப் பார்த்தது. இடது கையில் பெருவிரல் மடங்கி, தாள் வழுகிப் போயிற்று. அந்த இடுக்கில் இருக்கும் தசைக்கும் அதே நரம்புதான் கட்டளை கொண்டுபோகிறது. தசை வற்றி அங்கே ஒரு குழி விழுந்திருந்தது. எனக்கே அதுவரை தெரியாது. அவர் கீழே விழுந்த தாளைக் குனிந்து எடுத்தார். அதற்குப் பிறகு விசாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

கிளெயிம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. சத்திரசிகிச்சையில் நரம்பை அந்தப் பள்ளத்திலிருந்து எடுத்து முன்பக்கத்துக்கு நகர்த்தினார்கள். நசிந்த நரம்பிழை திரும்ப வளரும், ஆனால் நல்லபடி நடந்தாலும் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீற்றர்தான் என்று சத்திரசிகிச்சை நிபுணர் சொன்னார். வீட்டுக்கு வந்து தையல் நாடாவால் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை அளந்தேன். ஒரு வருடத்துக்கு மேல் எடுக்கும். பார்ப்போம், யாருக்கு அவசரம் என்றேன். காத்திருப்பதில் எங்களுக்கு இந்த நாடு நல்ல பயிற்சி தந்திருக்கிறது.

பத்து மாதத்தில் உள்ளங்கையின் ஓரத்தில் எறும்பு ஊர்ந்தது. உண்மையான எறும்பென்று தட்டிவிட்டேன். பிறகு மெல்ல மெல்ல விரலுக்குள் வந்தது. நல்ல சுகமான உணர்வென்று நினைக்க வேண்டாம். சுட்டது, குத்தியது, போர்வை பட்டாலே கூசியது. ஒவ்வொரு குத்தலையும் நான் சந்தோஷமாக வரவேற்றேன். இப்போது மோதிர விரல் முழுவதும் என்னுடையது. சின்ன விரலின் நுனி இன்னும் வரவில்லை. பெருவிரல் இடுக்கில் விழுந்த குழியும் நிரம்பவில்லை. அது நிரம்பாது என்று சொல்லிவிட்டார்கள். கறிக்கு வெங்காயம் வெட்டும்போது அந்த விரலைக் கண்ணால் காவல் காக்கிறேன்.

கொட்டகைக்குத் திரும்பிப் போனேன். போகாமல் விட்டிருக்கலாம், கணவர் வேறு வேலை பார்க்கச் சொன்னார். ஆனால் என்னைத் தலை சரியில்லை என்று சொல்லி அனுப்பிய வாசலால் நான் திரும்பவும் உள்ளே நடக்க வேண்டியிருந்தது. போகுமுன் தொழிலாளர்களின் பாதுகாப்புப் பிரதிநிதியிடம் மேசை விளிம்புகளைப் பற்றி எழுத்தில் கேட்டிருந்தேன். எல்லா மேசைக்கும் தடித்த ரப்பர் போட்டிருந்தார்கள். வியட்நாம்காரப் பெண் முழங்கையை அதில் ஊன்றியபடி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மேற்பார்வையாளர் கத்தியை நீட்டினார். பழக்கதோஷமோ, சோதித்துப் பார்த்தாரோ தெரியாது. நான் வாங்கவில்லை. லேபல் ஒட்டும் வேலைதான் செய்யலாம் என்று எழுதிய சான்றிதழைக் கொடுத்தேன். அவர் கடைசி வரி வரைக்கும் வாசித்தார்.

"முன்பு நீ இப்படி இல்லை. இப்போது எதற்கும் சண்டைக்கு வரும் பெரிய கரைச்சலாகிவிட்டாய்," என்றார்.

"யெஸ்," என்றேன்.

லேபல் மேசை கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. போய் வேலையைத் தொடங்கினேன்.